சிரிக்க வைக்குற விளம்பரம் எடுக்கணுமா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

கடை ஓனருங்க, ஸ்டார்ட்அப் நடத்துறவங்க, விஸ்காம் படிக்குற பசங்கன்னு மூணு டைப் ஆளுங்க மாத்தி மாத்தி கேக்குற கேள்விங்கள இங்க ஒண்ணா போட்டிருக்கேன். நான் சென்னைல காப்பி, அதாவது விளம்பர வாசகம், எழுதுற ஆளு, பிஸ்கட்லருந்து டிஎம்டி கம்பி வரைக்கும் எழுதியாச்சு. வரிசையா படிக்கணும்னு அவசியமில்ல, உங்க கேள்வி எதுவோ அதுக்கு ஸ்க்ரோல் பண்ணிக்கோங்க.

எங்க பிராண்டுக்கு காமெடி செட் ஆகுமா? நாங்க கொஞ்சம் சீரியஸான கம்பெனி.

ரயில்ல அடிபட்டு சாகாதீங்கன்னு சொல்றத விட சீரியஸா ஒரு மேட்டர் இருக்கா? மெல்போர்ன் மெட்ரோ ரயில்காரங்க 2012ல அதையே ஒரு கார்ட்டூன் பாட்டா போட்டாங்க. கலர் கலரா குட்டி பொம்மைங்க, ஒவ்வொண்ணும் ஏதாவது ஒரு கேனத்தனம் பண்ணி செத்துப்போகும், கரடிய குச்சியால குத்துறது அது இதுன்னு போயிட்டே இருக்கும், கடைசியா வர்ற மூணு சாவு மட்டும்தான் ரயில் சம்பந்தப்பட்டது, பிளாட்ஃபார்ம் விளிம்புல நிக்குறது, மூடுன கேட்ட சுத்திக்கிட்டு வண்டி ஓட்டுறது, தண்டவாளத்த தாண்டி ஓடுறது. மெக்கேன் ஏஜென்சி பண்ணது, 2013 கேன்ஸ் விளம்பர விருதுல அஞ்சு கிராண்ட் ப்ரீ, அதான் அங்க உச்ச விருது, அள்ளிட்டுப் போச்சு. அதே விஷயத்த "உயிர் விலைமதிப்பற்றது"ன்னு போர்டு வச்சிருந்தா யார் நின்னு படிச்சிருப்பா.

அதனால செட் ஆகுமான்னு யோசிக்காதீங்க, வேற ஒண்ணு யோசிங்க. எந்த ஜோக்க எடுத்தாலும் யாரோ ஒருத்தர் மூக்கு உடையும். யார் மூக்குன்னு முடிவு பண்றதுதான் இந்த வேலையில பாதி. ப்ராடக்ட்ட கன்னாபின்னான்னு மிகைப்படுத்துனா யார் மூக்கும் உடையாது, அது சேஃப். பிராண்டே தன் மூக்க உடைச்சுக்கிட்டா மக்களுக்கு அவ்ளோ பிடிக்கும். ஸ்டார் மூக்கு உடைஞ்சா செம, ஆனா அவர் சம்மதிக்கணும். போட்டிக்காரன் மூக்குன்னா வக்கீல் ரெடியா இருக்கணும். வாங்குற கஸ்டமர் மூக்கயோ, ஏற்கனவே ஊர்ல எல்லார்கிட்டயும் அடி வாங்கிட்டிருக்குறவன் மூக்கயோ உடைச்சா அன்னிக்கே ஆட்ட, அதாவது விளம்பரத்த, வாபஸ் வாங்க வேண்டி வரும். கீழ வர்ற முக்கால்வாசி பதில் இதுலருந்துதான் வருது.

ஐடியா எங்கருந்து வருது? உக்காந்து யோசிச்சா வந்துடுமா?

உக்காந்து யோசிச்சா ஜோக் வரும், ஐடியா வராது. ஜோக் வாட்ஸப்புலயே நெறைய இருக்கு.

நாங்க ஏஜென்சில இன்சைட்னு சொல்றது பெரிய தத்துவம் எதுவும் கிடையாது, எல்லாரும் பண்ற, ஆனா யாரும் வெளிய சொல்லாத ஒரு பழக்கம், அவ்ளோதான். இன்வெர்ட்டருக்கு விளம்பரம் பண்ணணும்னு வச்சுக்கோங்க. ப்ரீஃப்ல, அதாவது க்ளையன்ட் குடுக்குற குறிப்புல, என்ன இருக்கும்? "கரண்ட் போனாலும் வெளிச்சம்." இத வச்சு எழுதுனா பரீட்சைக்கு படிக்குற பையன், சீரியல் பாக்குற பாட்டின்னு ஆயிரம் பேர் எழுதுனதுதான் வரும். இப்ப கரண்ட் போனதும் நம்ம ஊர்ல மொதல்ல என்ன பண்றோம்னு நெனச்சு பாருங்க. மெழுகுவத்திய தேட மாட்டோம். பால்கனிக்கு ஓடி வந்து பக்கத்து வீட்ட எட்டிப் பாப்போம். நமக்கு மட்டுமா, தெருவுக்கேவா? தெருவுக்கே போயிருந்தா ஒரு நிம்மதி. அப்புறம் அப்படியே நின்னு எதிர் வீட்டுக்காரர்கூட நாலு வார்த்த பேச்சு.

இது கெடச்சிடுச்சா, இனிமே ஸ்க்ரிப்ட் தானா ஓடும். தெருவே இருட்டு, எல்லா பால்கனிலயும் ஆளுங்க, ஒருத்தர ஒருத்தர் விசாரிச்சுக்கறாங்க, ஒரே ஒரு வீட்டுக்காரர் மட்டும் வெளிய வரவே இல்ல. ஒரு அக்கா சொல்றாங்க, "நல்லா பேசிட்டிருந்த மனுஷன், இப்பல்லாம் யார்கூடயும் ஒட்டுறதில்ல." கடைசில இன்வெர்ட்டர் பேரு. ஒரு எடத்துல கூட "தடையில்லா மின்சாரம்"னு சொல்லல, ஆனா புரிஞ்சிடுச்சு.

இந்த மாதிரி பழக்கத்த பிடிக்க டீக்கடை, பஸ், ரேஷன் க்யூ, கல்யாண பந்தி எல்லாம் ரொம்ப உதவும். ரிசர்ச் ரிப்போர்ட்டும் படிங்க, வேணாம்னு சொல்லல, ஆனா அதுல "எட்டிப் பாப்போம்"னு ஒரு லைன் வர்றது கஷ்டம்.

எங்க ப்ராடக்ட்ல சொல்ற அளவுக்கு ஸ்பெஷலா ஒண்ணுமே இல்லயே?

ஃபெவிகால்ல என்ன ஸ்பெஷல்? பசை. ஒட்டும். அவ்ளோதான். பிடிலைட் கம்பெனியும் ஓகில்வி ஏஜென்சியும் அந்த "ஒட்டும்"ங்கற ஒரு வார்த்தய வச்சே எத்தன வருஷம் ஓட்டிட்டாங்க பாருங்க. ஒவ்வொரு தடவையும் புது கதை, ஆனா சொல்ற விஷயம் மாறவே மாறாது. இந்த ஒழுக்கம்தான் மத்த பிராண்டுகளுக்கு வர மாட்டேங்குது, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மார்க்கெட்டிங் ஹெட் மாறுவார், அவர்கூட சேந்து பொசிஷனிங்கும், அதாவது பிராண்ட எப்படி காட்டணும்ங்கறதும், மாறும்.

அதுல எனக்கு எப்பவும் பிடிச்சது ராஜஸ்தான் ரோட்டுல போற அந்த வண்டி. 2002ல வந்துச்சு, பிரசூன் பாண்டே டைரக்ஷன். ஓவர்லோடு வண்டி, மேல, சைடுல, பின்னாடின்னு ஆளுங்க ஈ மாதிரி மொய்ச்சிட்டு தொங்கறாங்க, ரோடு முழுக்க குண்டும் குழியும், வண்டி அந்த ஆட்டம் ஆடுது, ஒருத்தர் கூட விழல, என்னடா இதுன்னு நாம பாத்துட்டே இருக்கும்போது வண்டி நம்மள கடந்து போகுது, பின்பக்கம் ஃபெவிகால் விளம்பரம் ஒட்டியிருக்கு. முடிஞ்சது. ஒரு டயலாக் இல்ல. பசைய யாரும் கைல கூட எடுக்கல. யார் மூக்கும் உடையல. அந்த கேம்பெயினுக்குப் பின்னாடி இருந்த பியூஷ் பாண்டே 2025 அக்டோபர்ல இறந்துட்டாரு, மனுஷன் இந்திய விளம்பரத்த இங்கிலீஷ் ட்ராயிங் ரூம்லருந்து டீக்கடை பெஞ்சுக்கு கூட்டிட்டு வந்தவர்னு சொன்னா மிகையில்ல.

இதே கம்பெனியோட ஃபெவிக்விக் மீன் புடிக்குற ஆட்டும் அப்படித்தான். ஒருத்தர் எல்லா ஐட்டமும் வச்சுக்கிட்டு தூண்டில் போட்டு மணிக்கணக்கா உக்காந்திருப்பார், இன்னொருத்தர் வந்து ஒரு குச்சில நாலு சொட்டு விட்டு தண்ணில விட்டு எடுப்பார், மீன் ஒட்டிக்கிட்டு வரும்.

உங்க ப்ராடக்ட் எதுவா இருந்தாலும் இந்த ட்ரிக்க ட்ரை பண்ணலாம். அது செய்யுற ஒரே ஒரு வேலைய எடுங்க, அது அளவுக்கு மீறி நடந்தா உலகம் எப்படி இருக்கும்னு பாருங்க. திண்டுக்கல் பூட்டுன்னு வச்சுக்கோங்க, திருடன் முகமூடியோட திண்ணைல உக்காந்து பக்கத்து வீட்டம்மாகிட்ட "இவங்க ஊர்லருந்து எப்ப வருவாங்க?"ன்னு கேட்டுட்டிருக்கான். இட்லி மாவு பாக்கெட், பொங்கும்ங்கறதுதான் பாயிண்ட், பாத்திரத்து மூடி மேல அம்மிக்கல்ல தூக்கி வச்சிருக்காங்க, அதையும் தூக்கிக்கிட்டு மாவு எட்டிப் பாக்குது. போஸ்டருக்கு அந்த ஒரு படமே போதும், கூட வசனம் எழுதி கெடுக்காதீங்க.

ஜோக் ஞாபகம் இருக்கு, பிராண்ட் ஞாபகம் இல்லங்கறாங்களே?

ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. உங்க ஆட்ல கடைசில வர்ற லோகோவ எடுத்துட்டு போட்டிக்காரன் லோகோவ போடுங்க. அப்பவும் ஆட் நல்லா ஓடுதா? அப்ப நீங்க அவனுக்கு ஃப்ரீயா வேலை பாத்திருக்கீங்க. இன்னும் மேல போய், பசைக்கு பதிலா சோப்பு லோகோ போட்டாலும் ஓடுதுன்னா அது ஆட்டே கெடையாது, டப்பு செலவழிச்ச ஸ்கிட்.

பல்ல வெளுப்பாக்குற சூயிங்கம் ஹேப்பிடென்ட்டோட அரண்மனை ஆட்ட எடுத்துக்கோங்க, பிரசூன் ஜோஷி எழுதி ராம் மாத்வானி டைரக்ட் பண்ணது. ஒருத்தன் வேலைக்கு லேட்டாயிடுச்சேன்னு சைக்கிள மிதிச்சுக்கிட்டு ஓடுறான், போய் மேல ஏறி சாண்டிலியர்ல, அதான் சரவிளக்குல, தொங்குறான், பாத்தா அங்க பல்பே கெடையாது, மனுஷங்க பல்ல காட்டுறதுதான் வெளிச்சம், தெருவிளக்கும் மனுஷன்தான். அதுல டூத்பேஸ்ட் லோகோ வேணா போடலாம், சிமெண்ட் லோகோ போட முடியுமா? பல்லுதான் கதையே.

காமெடிக்கு செலிப்ரிட்டி கண்டிப்பா வேணுமா?

வேணாம். ஆனா வச்சா, அவர எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரியே காட்டாதீங்க, காசு வேஸ்ட். 2021 ஐபிஎல் டைம்ல க்ரெட் ஆப் பண்ணது பாத்திருப்பீங்க. ராகுல் டிராவிட்னா என்ன, அமைதி, பொறுமை, சுவரு. அவர பெங்களூரு டிராஃபிக்ல விட்டாங்க. பக்கத்து கார் கண்ணாடிய பேட்டால உடைக்கிறாரு, கத்துறாரு, சன்ரூஃப்ல நின்னு நான் இந்திராநகர் ரவுடிடான்னு அலப்பற பண்றாரு. தன்மய் பட் டீம் எழுதுனது. கிரெடிட் கார்டு பில்லு கட்டுனா ரிவார்டு தர்றோம்ங்கறது நம்பவே முடியாத விஷயமா இருக்குல்ல, டிராவிட்டுக்கு கோவம் வருதுன்னு சொல்ற மாதிரி, இதுதான் உள்ள இருக்குற லாஜிக். மூக்கு உடைஞ்சது அவரோட இமேஜுக்கு, அவரே சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டது, அதனால மரியாத கூடுச்சே தவிர கொறையல.

என் சொந்த அபிப்ராயம், அந்த ஆட்ட பாத்தவங்கள்ல பாதி பேருக்கு க்ரெட் என்ன பண்ற ஆப்புன்னு அன்னிக்கும் தெரியல. அவங்களுக்கு அது பரவால்ல, நெறைய பணம் போட்டு பேர பரப்புறதுதான் அப்ப நோக்கம். உங்க மாவு கம்பெனிக்கு அந்த வசதி இருக்கான்னு பாத்துக்கோங்க.

ஓனர் நானே நடிக்கலாமா? வீட்ல எல்லாரும் நல்லாருக்கும்னு சொல்றாங்க.

வீட்ல சொல்றத மட்டும் நம்பி எறங்காதீங்க. ஆனா ஐடியா மோசம் கெடையாது, நம்ம ஊர்ல இது ஒரு தனி ஸ்கூலே. சரவணா ஸ்டோர்ஸ் லெஜண்ட் சரவணன் பெரிய ஹீரோயினுங்ககூட டான்ஸ் ஆடுனப்ப ஊரே கலாய்ச்சுது, மீம் போட்டு தள்ளுனாங்க, அவர் அசரவே இல்ல, போட்ட ஒவ்வொரு மீமும் கடை பேர ஓசில பரப்புச்சு, கடைசில படத்துல ஹீரோவாவே வந்துட்டாரு. லலிதா ஜுவல்லரி கிரண்குமார் வேற ரூட்டு, கேமராவ பாத்து நேரா உங்க பணத்த பத்தி பேசுவார், கலாய்க்குறவன் கூட டயலாக்க மனப்பாடமா வச்சிருக்கான். வடக்க எம்டிஎச் மசாலா தரம்பால் குலாட்டி 90 வயசு தாண்டியும் தலப்பா கட்டிட்டு ஆட்ல வந்தாரு.

மூணு பேருக்கும் ஒரு ஒத்துமை, கலாய்ப்பாங்கன்னு தெரிஞ்சும் நின்னாங்க. உங்களுக்கு கமெண்ட் படிச்சா ராத்திரி தூக்கம் போயிடும்னா நடிக்காதீங்க. இன்னொண்ணு, எடிட்டிங் டேபிள்ல ஓனர் ஷாட்ட தூக்க யாருக்கும் தைரியம் வராது, அதனால எந்த ஷாட் போகணும்னு டைரக்டர் முடிவு பண்ணலாம்னு முன்னாடியே சொல்லிடுங்க.

பட்ஜெட் ரொம்ப கம்மி. என்ன பண்ணலாம்?

டாலர் ஷேவ் க்ளப்னு அமெரிக்கால ஒரு கம்பெனி, மாசாமாசம் ப்ளேடு வீட்டுக்கு அனுப்புவாங்க. 2012ல அதோட ஓனர் மைக்கேல் டூபின் தன்னோட குடோன்லயே நடந்துகிட்டே பேசுற ஒரு வீடியோ எடுத்தாரு, செலவு 4,500 டாலர். முதல் ரெண்டு நாள்ல 12,000 ஆர்டர், சைட்டே படுத்துடுச்சு. 2016ல யூனிலீவர் அந்த கம்பெனிய வாங்கிடுச்சு.

இத கேட்டதும் "அப்ப மொபைல்லயே எடுத்துடலாம்"னு கெளம்பாதீங்க. அந்தாளு இம்ப்ரோவ் காமெடி, அதாவது அந்த நிமிஷத்துல தோணுறத வச்சே நடிக்குற காமெடி, கத்துக்கிட்டவர், டைமிங் தெரிஞ்சவர், ஸ்க்ரிப்ட்ல ஒரு வார்த்த கூட சும்மா இருக்காது. காசு கம்மின்னா எழுத்துக்கு டைம் ஜாஸ்தி குடுக்கணும். நம்மாளுங்க தலைகீழா பண்ணுவாங்க, ஸ்க்ரிப்டுக்கு ரெண்டு நாள், ட்ரோன் ஷாட்டுக்கு அம்பதாயிரம்.

ஐபிஎல் மாதிரி சீசன்ல ஒரே ஆட்ட திரும்பத் திரும்ப போட்டா கடுப்பாகாதா?

ஆகும். காமெடி ஆட் ரொம்ப சீக்கிரம் கடுப்பாகும், ஏன்னா ரெண்டாவது தடவ பஞ்ச் தெரிஞ்சுபோச்சு. 2009ல வோடஃபோன் இத நல்லா சமாளிச்சாங்க. அந்த வருஷம் ஐபிஎல் தென்னாப்பிரிக்கால நடந்துச்சு, அவங்களும் கேப் டவுன் போயி ஷூட் பண்ணாங்க, ஏறக்குறைய 30 குட்டி படம், கிட்டத்தட்ட தெனம் ஒண்ணு புதுசா விட்டாங்க. அதான் ஜூஜூ. முட்டத்தல வெள்ளை உருவங்கள பாத்து எல்லாரும் அனிமேஷன்னு நெனச்சாங்க, உள்ள இருந்தது நெஜ மனுஷங்க, ட்ரெஸ்ஸ போட்டு நடிக்க வச்சு ஃப்ரேம் ரேட்ட மாத்தி அந்த வெட்டு வெட்டு அசைவ கொண்டு வந்தாங்க. பிரகாஷ் வர்மாவோட நிர்வாணா ஃபிலிம்ஸ், ஏஜென்சி ஓகில்வி. பேச்சு கெடையாது, கீச்சு கீச்சு சத்தம்தான், அதனால தமிழ்நாடு பஞ்சாப் எங்க போட்டாலும் டப்பிங் தொல்லை இல்ல. ஒவ்வொரு படமும் ஒரே ஒரு சர்வீஸ பத்தி மட்டும் சொல்லும்.

சின்ன பிராண்டுக்கு பாடம், ஒரே பெரிய படத்துக்கு எல்லா காசையும் கொட்டாம ஒரே செட்டு ஒரே கேரக்டர வச்சு ஆறேழு சின்ன படம் ஒரே ஷெட்யூல்ல எடுத்துடுங்க.

போட்டி கம்பெனிய கலாய்க்கலாமா?

கலாய்க்கலாம், அவன் பேர சொல்லாம, அவன் ப்ராடக்ட்ட மட்டம் தட்டாம. ஈஸியா தெரியுதுல்ல, ஈஸியே கெடையாது.

நல்லா நடந்தது ஒண்ணு: 2007ல மும்பைல ஜெட் ஏர்வேஸ் "நாங்க மாறிட்டோம்"னு ஹோர்டிங் வச்சாங்க. அதுக்கு நேர் மேல போட்டி விமான கம்பெனி கிங்ஃபிஷர் "நாங்கதான் மாத்துனோம்"னு ஒண்ணு வச்சாங்க. அதுக்கும் மேல கோ ஏர் வந்து "நாங்க மாறல, இன்னமும் நாங்கதான் பறக்குறதுக்கு புத்திசாலித்தனமான வழி"ன்னு வச்சாங்க. ரோட்ல போறவன் நின்னு போட்டோ எடுத்தான்.

மோசமா போனது ஒண்ணு: 2010ல ரின் ஆட்ல டைட் பாக்கெட்ட நேரடியா காட்டி வெண்மைல நாங்கதான் மேலன்னு போட்டாங்க, டைட் கம்பெனியான பி அண்ட் ஜி கல்கத்தா ஹைகோர்ட் போச்சு, ஆட்ட நிறுத்துங்கன்னு உத்தரவு வந்துடுச்சு. அதுல காமெடியும் இல்ல, வெறும் சண்டை.

எனக்கு கேட்டா இந்த வகைல கெட்டிக்காரன் பர்கர் கிங்தான். 2018 டிசம்பர்ல அமெரிக்கால, எங்க பர்கர் ஒரு சென்ட்டுக்கு தர்றோம், ஆனா மெக்டொனால்ட்ஸ் கடையிலருந்து 600 அடிக்குள்ள நின்னு எங்க ஆப்ல ஆர்டர் பண்ணாதான் தருவோம்னுட்டாங்க. போட்டிக்காரனோட கடையெல்லாம் ஒரே நாள்ல இவங்க விளம்பர பலகையா ஆயிடுச்சு. வாடகை அவன் கட்டுறான். பேர சொன்னாங்கதான், ஆனா அவன் ப்ராடக்ட்ட மட்டம் தட்டல.

நம்மளே நம்மள கலாய்ச்சுக்கிட்டா பேர் கெடாதா?

நல்ல சரக்கு வச்சிருந்தா கெடாது. வோக்ஸ்வாகன் 1960ல அமெரிக்கால ஒரு பத்திரிகை விளம்பரம் போட்டாங்க, டிடிபி ஏஜென்சி. மேல பீட்டில் கார் படம், கீழ ஒரே வார்த்த, "லெமன்". அந்த ஊர்ல லெமன்னா ஓட்டை வண்டின்னு அர்த்தம். தன் காரயே ஓட்டைன்னு சொல்றானேன்னு உள்ள படிச்சா, டேஷ்போர்டு பெட்டில ஒரு குரோம் பட்டை கீறியிருந்துச்சாம், அதுக்காக எங்க இன்ஸ்பெக்டர் இந்த வண்டிய வெளிய விடலன்னு போட்டிருக்கு. திட்டா ஆரம்பிச்சு பெருமையா முடியுது.

நெஜமா தப்பு நடந்தப்பவும் இது வேல செய்யும். 2018 பிப்ரவரில பிரிட்டன்ல கேஎஃப்சி டெலிவரி கம்பெனிய மாத்துனாங்க, சப்ளை குழம்பிப்போயி நூத்துக்கணக்கான கடைங்கள்ல சிக்கன் இல்லாம ஷட்டர எறக்கிட்டாங்க. சிக்கன் கடைல சிக்கன் இல்ல! அவங்க பேப்பர்ல முழுப்பக்கம் விளம்பரம் குடுத்தாங்க, காலி பக்கெட்டு, அதுல இருக்குற மூணு எழுத்த கலைச்சுப் போட்டு இங்கிலீஷ் கெட்ட வார்த்த மாதிரி எழுதியிருந்தாங்க, கீழ நேர்மையா மன்னிப்பு. ஊரு சிரிச்சிட்டு விட்டுடுச்சு.

ஒரு கண்டிஷன். சிக்கன் தீந்துபோனதுக்கு இது ஓகே. சிக்கன் சாப்ட்டு யாருக்காவது ஃபுட் பாய்சன் ஆயிருந்தா ஜோக்க தொடவே கூடாது, அங்க அடிபட்டது கஸ்டமர்.

எல்லை எங்க இருக்கு? எல்லாத்துக்கும் யாராவது புண்படறாங்களே?

எல்லாத்துக்கும் புண்படறாங்கன்னு சொல்றது ஏஜென்சிக்காரங்களோட சால்ஜாப்பு. 2023 ஜூன்ல சுற்றுச்சூழல் தினத்துக்கு ஜொமேட்டோ ஒரு ஆட் விட்டாங்க, பிளாஸ்டிக் குப்பைய மறுசுழற்சி பண்றோம்ங்கறதுதான் மேட்டர். பழைய ஹிந்தி படம் ஒண்ணுல கச்ராங்கற தலித் கேரக்டர்ல நடிச்சவர கூட்டிட்டு வந்து, அந்த கேரக்டராவே, மேசையா, விளக்கா உக்கார வச்சாங்க, ஏன்னா ஹிந்தில அந்த பேருக்கு குப்பைன்னு அர்த்தம். ரூம்ல உக்காந்து பேசுனப்ப சொல் விளையாட்டா தெரிஞ்சிருக்கும். வெளிய பாத்தவனுக்கு ஒரு தலித் மனுஷன் மேல டம்ளர் வைக்குறது தெரிஞ்சுது. சில நாள்ல ஆட்ட வாபஸ் வாங்கிட்டாங்க, தேசிய எஸ்சி கமிஷன் நோட்டீஸ் அனுப்புச்சு.

இத தடுக்க ஃபில்டர் ஒண்ணும் பெருசா வேணாம். ஜோக்குல யாரு உக்காந்திருக்காங்களோ, அந்த மாதிரி ஒரு ஆளு உங்க மீட்டிங் ரூம்ல இருந்தா அவங்க முன்னாடி இத படிச்சுக் காட்டுவீங்களா? கறுப்பு, குண்டு, வேலைக்காரம்மா, நேபாளி வாட்ச்மேன், மாமியார், திருநங்கை. நம்ம ஊர் காமெடி இவங்கள வச்சே ரொம்ப காலம் பொழச்சிடுச்சு, போதும்.

வடிவேலு டெம்ப்ளேட் போட்டு மீம் விளம்பரம் பண்ணலாமா? எல்லாரும் பண்றாங்களே.

நீங்க ஃப்ரெண்ட்ஸ் க்ரூப்ல போடுறது வேற, கம்பெனி பேஜ்ல ஷாப்பிங் லிங்க்கோட போடுறது வேற. ரெண்டாவது வியாபாரம். படத்தோட ஸ்டில்லுக்கு காப்பிரைட் இருக்கு, நடிகரோட முகத்துக்கு தனியா உரிமை இருக்கு. 2015லயே மெட்ராஸ் ஹைகோர்ட் ரஜினிகாந்த் கேஸ்ல, அவர் பேரு, ஸ்டைலு, உருவம் இதையெல்லாம் அனுமதி இல்லாம பயன்படுத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. 2023ல டெல்லி ஹைகோர்ட் அனில் கபூருக்கு அவரோட பஞ்ச் வார்த்தைக்கும் சேத்து பாதுகாப்பு குடுத்துச்சு.

வாழ்த்து போஸ்ட்டும் இதே கதைதான். 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல பி.வி.சிந்து வெண்கலம் ஜெயிச்சதும் ஸ்பான்சரே பண்ணாத பிராண்டெல்லாம் அவங்க படத்த போட்டு பக்கத்துல லோகோவ வச்சு வாழ்த்துனாங்க, அவங்க மேனேஜ்மெண்ட் கம்பெனி வரிசையா லீகல் நோட்டீஸ் அனுப்புச்சு. இப்ப நெறைய பேர் முகம் இல்லாம, பேர் இல்லாம, நிகழ்ச்சிய மட்டும் வச்சு விளையாடுறாங்க. அது கஷ்டம்தான், ஆனா கிரியேட்டிவா இருக்கும். பழைய டெம்ப்ளேட்ட எடுத்து ஒட்டுறதுக்கு எதுக்கு உங்களுக்கு சம்பளம்.

ஜோக்கா சொன்னத யாராவது சீரியஸா எடுத்துட்டா?

எடுத்திருக்காங்க, கோர்ட்டு வரைக்கும் போயிருக்காங்க. அமெரிக்கால பெப்சி 1996ல பாயிண்ட் சேத்தா டி-ஷர்ட், ஜாக்கெட்னு ஒரு ஸ்கீம் விட்டாங்க, ஆட் கடைசில ஒரு பையன் ஹாரியர் போர் விமானத்துல ஸ்கூலுக்கு வந்து எறங்குவான், 70 லட்சம் பாயிண்ட்னு போடும். ஒரு காலேஜ் பையன் கணக்கு போட்டான், பாயிண்ட காசு குடுத்தும் வாங்கலாம்னு விதி இருக்கு, ஒரு பாயிண்ட் 10 சென்ட், அப்ப 7 லட்சம் டாலர், விமானமோ 2 கோடி டாலருக்கு மேல. ஆள புடிச்சு பணத்த ரெடி பண்ணி செக்க அனுப்பிட்டான். 1999ல கோர்ட்டு, புத்தி இருக்குற யாரும் இத நெஜமான ஆஃபர்னு எடுத்துக்க மாட்டாங்கன்னு சொல்லி தள்ளிடுச்சு. பெப்சி அந்த நம்பர 70 கோடியா மாத்திட்டு "சும்மா தமாஷ்"னும் போட்டுக்கிட்டாங்க.

நம்ம ஊர்ல 1985லருந்து ஏஎஸ்சிஐன்னு விளம்பர தர கவுன்சில் இருக்கு. பாத்ததுமே தமாஷ்னு தெரியுற மிகைப்படுத்தல், அதாவது கண்ணப் பறிக்கவோ சிரிக்க வைக்கவோ சொல்ற அப்பட்டமான புளுகு, அவங்க விதிப்படி ஓகே. ஆனா "7 நாள்ல முடி வளரும்"ங்கறத காமெடியா சொன்னாலும் அது க்ளெய்ம்தான், ஆதாரம் வேணும். தப்பா வழிநடத்துற விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல 10 லட்சம் வரைக்கும், திரும்பப் பண்ணா 50 லட்சம் வரைக்கும் அபராதம். அந்த ஃபெவிகால் வண்டில ஒட்டிக்கிட்டு தொங்குற கூட்டத்த பாத்து யாரும் பசைய பூசிக்கிட்டு ஃபுட்போர்டு அடிக்க மாட்டான். விலை, தள்ளுபடி, கேரண்டி, ஆரோக்கியம், இந்த நாலுலயும் விளையாடாதீங்க.

க்ளையன்ட் எல்லா ஜோக்கயும் வெட்டிடறாரு, என்ன பண்றது?

அமுல் கதைய சொல்லுங்க. 1966ல சில்வெஸ்டர் டகுன்ஹா அந்த பொல்கா டாட் பாப்பாவ கொண்டு வந்தாரு, வரைஞ்சது யூஸ்டேஸ் ஃபெர்னாண்டஸ். நாட்டு நடப்ப பாத்து உடனுக்குடன் ஹோர்டிங் மாத்துற ஐடியா. நடப்புன்னா சூடா இருக்கும்போதே போடணும், பத்து பேர் கையெழுத்து வாங்கிட்டு போட்டா ஆறிப்போயிடும். அதனால அமுல நடத்துன வர்கீஸ் குரியன், கேக்காமலே போட்டுக்கோங்கன்னு ஏஜென்சிக்கு சுதந்திரம் குடுத்துட்டாரு. அம்பது வருஷம் தாண்டியும் அதே பாப்பா, அதே ஸ்டைல், அரசியல்வாதி, நடிகர், கிரிக்கெட் போர்டுன்னு யாரையும் விட்டதில்ல.

உங்க க்ளையன்ட் குரியன் இல்ல, சரி. அப்ப ப்ராக்டிகலா: ஸ்க்ரிப்ட்ட மெயில்ல அனுப்பாதீங்க, நேர்ல நடிச்சுக் காட்டுங்க. காமெடி பேப்பர்ல செத்துப்போகும். கமிட்டில படிக்க விடாதீங்க, ஆளுக்கு ஒரு வார்த்த கழிப்பாங்க. அவர் பயப்படுறது ஜோக்குக்காவா, எம்டிக்காவான்னு கண்டுபிடிங்க, எம்டிக்குன்னா எம்டிகிட்டயே போங்க. லோகோவ பெருசாக்குங்கன்னு சொன்னா பெருசாக்கிடுங்க, அதுல சண்டை போட்டு எனர்ஜிய வேஸ்ட் பண்ணாதீங்க.

ஹிந்தில ஹிட்டான ஆட்ட தமிழ்ல டப் பண்ணா ஏன் சப்புன்னு இருக்கு?

உதட்டசைவுக்கு வார்த்த தேடுறதால. மும்பைல எடுத்து மத்தியானம் அனுப்பி சாயங்காலத்துக்குள்ள ஆறு மொழிக்கு வேணும்பாங்க. தமிழ்நாடு முக்கியமான மார்க்கெட்னா தனியா எழுதி தனியா எடுங்க, முடியலன்னா வசனமே இல்லாம எழுதுங்க.

ஏஐகிட்ட கேட்டா ஐடியா தருதே, ஏஜென்சி எதுக்கு?

தரும், கேளுங்க. அது குடுக்குற முதல் பத்து ஐடியாவ எழுதி வச்சுக்கிட்டு அந்த பத்தையும் பண்ணாம இருங்க, உங்க போட்டிக்காரனும் அதே பத்தத்தான் வாங்கி வச்சிருக்கான்.

போர்ட்ஃபோலியோ இல்ல, எந்த க்ளையன்ட்டும் இல்ல. எப்படி ஆரம்பிக்கிறது?

யாரும் கேக்காமலே உங்க தெருவுல இருக்குற கடைங்களுக்கு எழுதுங்க. ஜெராக்ஸ் கடை, சைக்கிள் பஞ்சர், தண்ணி கேன், ட்யூஷன் சென்டர். ஒவ்வொண்ணுக்கும் மூணு போஸ்டர், ஒரே ஐடியா மூணு விதமா. பெரிய ஷூ கம்பெனிக்கு எழுதுன டம்மி ஆட்ட எல்லா ஸ்டூடண்டும் கொண்டு வர்றான், இன்டர்வியூல பாத்து பாத்து எங்களுக்கு அலுத்துப்போச்சு. ஜெராக்ஸ் கடைக்கு எழுதி சிரிக்க வச்சா நிமிந்து பாப்போம்.

ஐடியாவ கேட்டுட்டு வேணாம்னு சொல்லி அப்புறம் அவங்களே பண்ணிட்டா?

நடக்கும். வெறும் ஐடியாவுக்கு காப்பிரைட் கெடையாது, எழுதுன ஸ்க்ரிப்டுக்கும் வரைஞ்ச ஸ்டோரிபோர்டுக்கும் இருக்கு. அதனால வாயால சொல்லிட்டு வராதீங்க, நடிச்சுக் காட்டுன அன்னிக்கே எழுதுனத, வரைஞ்சத பிடிஎஃப்பா மெயில்ல போடுங்க, தேதி தானா பதிவாயிடும். மீட்டிங்குக்கு முன்னாடி ரெண்டு பக்க என்டிஏ, அதாவது கேட்டத வெளிய விடமாட்டோம்ங்கற ஒப்பந்தம், கேக்கலாம், பெரிய கம்பெனிங்க கையெழுத்து போடுவாங்க, சின்ன கடைக்காரர் மொறைப்பாரு, அவர்கிட்ட பிட்ச் ஃபீஸ்னு, அதாவது ஐடியா சொல்றதுக்கான கூலியா, ஒரு சின்ன தொகையாவது முன்னாடியே வாங்கிடுங்க. காசு குடுத்தவர் ஐடியாவ ஒழுங்கா கேப்பாரு, பிடிக்கலன்னாலும் ஏன் பிடிக்கலன்னு சொல்லுவாரு.